கிட்டே தெரிந்த மலை

ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டப்பட்ட ரயில் ஏற்காட்டுக்குப் போவதில்லை. இரவில் சென்னையை விட்டுக் கிளம்பி, விடிவதற்கு வெகுநேரம் முன்பாகவே மலைக்குப் போக வேண்டியவர்களை அரைத் தூக்கத்தில் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டு, தன் பெயருக்குக் காரணமான மலையை ஒரு தரம் திரும்பியும் பாராமல் அது ஈரோட்டை நோக்கி ஓடிவிடுகிறது. சென்ற ஜூன் மாதத் தொடக்கத்தில், பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு இன்னும் சில தினங்களே இருந்த சமயத்தில், அந்த ரயிலிலிருந்து நாங்கள் ஐந்து பேர் இறங்கினோம்: என் தாயார், என் மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன், நான். ஆறாவதாக ஒரு கறுப்புப் பெட்டியும் இறங்கிற்று. இரவு முழுவதும் என் தலைமாட்டில் படுத்து வந்த அந்தப் பெட்டி என் மைத்துனருடையது. அதற்குள் இருந்தது 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீளக்கூடிய ஒரு பெரிய லென்ஸ். எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

"மாப்பிள்ளை, மலைக்குப் போறவர் இது இல்லாமப் போகலாமா? அந்தப் பக்கம் காட்டெருது வருதாம்" என்று சொல்லி, நான் கேளாமலேயே வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவியின் அண்ணன் மனமுவந்து கொடுப்பதை வேண்டாமென்று சொல்லும் துணிவு இல்லறத்தில் எவருக்கு உண்டோ தெரியாது, எனக்கு இல்லை.

இது ஒன்று வருவதற்கு முன்பே, இந்த மூன்று நாள் பிரயாணத்துக்கு எந்த லென்ஸை எடுத்துப் போவது என்ற விசாரத்தில் ஏறக்குறைய ஒரு மாத காலம் எனக்குக் கழிந்திருந்தது. காமிராவோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ் வீட்டில் இருந்தது; ஆனால் சேர்ந்து வந்தது என்பதாலேயே அதன்மேல் எனக்கு ஒரு அலட்சியம். மலைத் தொடர் முழுவதையும் ஒரே சட்டத்தில் அடக்கவென்று 10 மில்லிமீட்டரில் தொடங்கும் அகலக் கோண லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இவ்விரண்டோடு, பல வருஷங்களுக்கு முன் வாங்கி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்த 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகக் கட்டிலின் மேல் பரப்பிவைத்து நான் ஆலோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த என் மனைவி, "நாலு பேருக்கும் சேர்த்து எனக்கு ஒரு பை. உங்க கண்ணாடிக்கு மட்டும் மூணு பையா?" என்று கேட்டாள். கேள்வியின் நியாயம் உறைத்தபடியால், பாரத்தைக் குறைக்கும் பொருட்டு 18-55 லென்ஸை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அந்த மூன்று நாட்களில் பாதி வேளைக்கு வேண்டியிருந்தது அதுதான் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

லென்ஸ் விஷயத்தில் பரிச்சயமில்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அதன் மேல் பொறித்திருக்கும் மில்லிமீட்டர் எண் குவியத் தூரத்தைக் குறிப்பது. எண் சிறியதானால் காட்சி விரிந்து, பொருள் சிறுத்துத் தெரியும். எண் பெரியதானால் காட்சி குறுகி, பொருள் பருத்துத் தெரியும். பழைய பிலிமின் சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43. அந்த அளவை ஒட்டியதான 50 மில்லிமீட்டர் லென்ஸ், நாம் கண்ணால் பார்த்துப் பழகிய விகிதத்திலேயே உலகத்தைக் காட்டுகிறது என்று நெடுங்காலமாகப் படக்காரர்களுக்குள் ஒரு சம்மதம். என் காமிராவின் சென்சார் பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆகையால் அந்த மத்தியஸ்தமான ஸ்தானம் அதில் 35 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் போய்ச் சேருகிறது. இன்னொரு எண்ணும் உண்டு. அது துவாரத்தின் அளவு. அந்த எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம். என் 35-க்கு அது 1.8. மைத்துனருடைய லென்ஸுக்கு, முழு நீளத்தில், 6.3. வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்த்தால், ஒரே நேரத்தில் சின்ன லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் அந்தப் பெரிய லென்ஸ் விடும் என்று வருகிறது.

மலைக்கும் லென்ஸின் பாரத்துக்கும் உள்ள வழக்கு இன்றைக்கு நேற்று ஏற்பட்டதல்ல. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கார் பர்னாக் என்பவருக்கு மலைகளிலும் காடுகளிலும் நடந்து படமெடுப்பதில் அளவு கடந்த ஆசை, ஆனால் ஆஸ்துமாக்காரர். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளையும் மரப்பெட்டிக் காமிராவையும் முக்காலியையும் சுமந்து மேடேற அவருடைய மூச்சு இடங்கொடுக்கவில்லை. சினிமாப் பிலிமையே உபயோகித்துச் சிறிய படமாக எடுத்து, பிறகு பெரிதாக்கிக்கொண்டால் என்ன என்ற யோசனை பலித்து, 1914 வாக்கில் ஒரு கைக்கடக்கமான காமிராவை அவர் தமக்காகவே செய்துகொண்டார். யுத்தம் குறுக்கிட்டது. 1925-ல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில், மாக்ஸ் பெரெக் வகுத்த 50 மில்லிமீட்டர் லென்ஸோடு விற்பனைக்கு வந்தது. உலகமெங்கும் தோளில் தொங்கத் தொடங்கிய சிறு காமிராக்களுக்கெல்லாம் மூலபுருஷர், மேடேற மூச்சு வாங்கிய இந்த மனிதரே. நூறு வருஷம் கழித்து, இரண்டு கிலோ லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு சேலம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறியபோது, அவர் என்னைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நேரே ஏறுவது ஒன்று. எல்லோரும் அறிந்தது, விடுமுறை நாட்களில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஏறுவது. குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறுவது மற்றொன்று. கொட்டச்சேடு இந்த இரண்டாவது வழியில் இருக்கிறது. அந்தக் கிராமத்தை ஒட்டி ஒரு காபித் தோட்டத்து வீட்டில் எங்களுக்கு இரண்டு அறைகள் ஏற்பாடாகியிருந்தபடியால், வாடகைக் காரில் அந்த வழியே புறப்பட்டோம்.

பொழுது நன்றாகப் புலர்ந்தபோது, சாலை ஒரு திருப்பத்தில் சமவெளியைத் திறந்து காட்டிற்று. வண்டியை நிறுத்தச் சொல்லி, அகலக் கோண லென்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். காமிராவுக்குள் பார்த்தால் மலையும் இல்லை, சமவெளியும் இல்லை, வெறும் பால். காரின் குளிர்சாதனத்தில் சில்லிட்டுக் கிடந்த கண்ணாடி, வெளியே வந்ததும் ஈரக்காற்றைத் தன்மேல் வியர்வையாக வாங்கிக்கொண்டுவிட்டது. துடைக்கத் துடைக்க மீண்டும் பூத்தது. துணியால் தேய்ப்பதைக் காட்டிலும் பத்து நிமிஷம் சும்மா இருப்பதே இதற்குப் பரிகாரம்; மலைக்குக் காரில் போகிறவர்கள் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பாகவே குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துகொள்வது உத்தமம்.

கண்ணாடி தெளிந்த பிறகு எடுத்த படத்தைப் பார்த்தேன். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை எல்லாம் விழுந்திருந்தது. எதுவும் இல்லாமலும் இருந்தது. கண்ணுக்கு மதில் போல் நின்ற மலைகள், அகலக் கோணத்தின் இயல்பினால் பின்னே தள்ளப்பட்டு, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலக் கோடாகக் கிடந்தன. முன்னே, நான் கவனிக்கவே கவனிக்காத சாலையோரத் தடுப்புக் கல் ராஜகம்பீரமாக வீற்றிருந்தது. சரி, மைத்துனர் லென்ஸையும் பார்த்துவிடுவோம் என்று பெட்டியைத் திறந்தேன். அது சமவெளியைக் கிட்டே கொண்டுவந்தது உண்மை. ஆனால் ஜூன் மாதத்துச் சமவெளிக்கும் மலைக்கும் நடுவே நிற்கும் தூசியையும் ஆவியையும் சேர்த்தல்லவா கிட்டே கொண்டுவருகிறது! சாம்பலைப் பெரிதாக்கினால் பெரிய சாம்பல்தான் கிடைக்கும்.

இந்த ஜில்லாவில் ஆகாயத்தோடு மல்லுக்கு நின்ற படக்காரர் எனக்கு முன்னே ஒருவர் உண்டு. மதராஸ் சர்க்காரின் புகைப்படக்காரராக 1850-களின் பிற்பகுதியில் நியமிக்கப்பட்ட லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ உத்தியோகஸ்தர், ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று கோயில்களையெல்லாம் எடுத்ததோடு நில்லாமல், அன்றைய சேலம் ஜில்லாவின் ராயக்கோட்டையையும் அதைச் சார்ந்த இடங்களையும் படமெடுத்தார். அந்தத் தொகுதி 1858-ல் வெளியாயிற்று. அவர் கையாண்டது காகித நெகடிவ். நீலத்துக்கு மட்டும் மிகையாக விழித்துக்கொள்ளும் அந்தக் காகிதத்தில், மலைக்கு வேண்டிய அளவு வெளிச்சம் விட்டால் ஆகாயம் எரிந்து வெள்ளையாகிவிடும், மேகம் தங்காது. அவர் என்ன செய்தார் என்றால், தூரிகையை எடுத்து நெகடிவின் மேலேயே மேகங்களைத் தீட்டிவிட்டார். இன்றைக்குக் கைபேசிகள் ஆகாயத்தை அழகுபடுத்திக் கொடுப்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நான் முகம் சுளிப்பவன். தெரிந்த பிறகும் சுளிக்கத்தான் செய்கிறேன்.

கைபேசி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் மேற்சொன்ன பிரயத்தனங்களில் ஈடுபட்டிருந்த அரைமணி நேரத்தில், என் பெண், சட்டைப் பொத்தான்களைப் போல் முதுகில் மூன்று லென்ஸ்களைத் தைத்துக்கொண்டிருந்த தன் தாயாரின் கைபேசியை இப்படியும் அப்படியும் திருப்பி நாற்பது படங்கள் எடுத்து முடித்திருந்தாள். அவற்றில் பல நன்றாகவே இருந்தன.

இதற்கிடையே என் தாயார் வண்டியை விட்டு இறங்கி, மலையின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையோரத்துப் பாறையில் படர்ந்திருந்த பாசியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் அவளுடைய கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இரண்டு வருஷங்களுக்கு முன் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செயற்கை லென்ஸை உள்ளே வைப்பதுதான் அந்தச் சிகிச்சை. சாதாரணமாக வைக்கும் லென்ஸுக்கு ஒரே குவியம். பிறவி லென்ஸைப் போல அது தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகத் தன்னை மாற்றிக்கொள்ளாது. ஆகையால் தூரம் கண்ணாடியில்லாமல் தெரிய வேண்டுமா, கிட்டம் தெரிய வேண்டுமா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் தூரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, படிப்பதற்கு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து, தூரந்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "கிட்டக்கவே தெரியட்டும் டாக்டர். அரிசியில கல்லுப் பார்க்கணும், ஊசியில நூல் கோக்கணும். தூரத்துல நான் பார்க்க வேண்டியது என்ன இருக்கு? வர்றவங்க கிட்டக்க வரட்டும்" என்று அவள் முந்திக்கொண்டாள். ஒரு மாதம் ஆலோசித்து மூன்று லென்ஸ்களை எடுத்துவந்த நான், அரை நிமிஷத்தில் ஆயுளுக்கும் போதுமான லென்ஸைத் தேர்ந்துகொண்ட அவள் அசட்டுத்தனம் செய்துவிட்டாள் என்றே அன்றைக்கு எண்ணினேன்.

இந்தக் கண்ணுள் லென்ஸின் கதையும் ஸ்வாரஸ்யமானது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானிகளின் கண்களில், விமானத்து முகப்பு உடைந்து தெறித்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் குத்தி நின்றபோது, அந்தத் துணுக்குகளைக் கண் பகைக்காமல் பொறுத்துக்கொண்டதை ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். கண் பொறுக்கும் பொருளானால் அதிலேயே லென்ஸ் செய்து வைத்துவிடலாமே என்று துணிந்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் முதலாவதாக ஒன்றை வைத்தார். அவருடைய சகாக்கள் வெகுகாலம் அதை ஒப்பவில்லை. பிறகு உலகம் ஒப்பிற்று. ஆனால் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கி, அந்த லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான், நம் ஊர்ப் பாட்டிமார்களுடைய கண்ணுக்குள் அது சரளமாகப் புகுந்தது. உலகத்தில் அதிகமான பேர் உபயோகிக்கும் லென்ஸ் எது என்று பந்தயம் வைத்துப் பேசும் காமிராக்காரர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது.

தூரப் பார்வைக்கென்று அவளுக்குக் கொடுத்த மூக்குக் கண்ணாடி, மூக்கை அழுத்துகிறது என்ற காரணத்தால் கைப்பையிலேயே வாசம் செய்தது. ஆக, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை அவளுக்கு ஒரு பச்சை மூட்டம். அந்த மூட்டத்துக்குள்ளே ஒரு முழத் தூரத்தில் மட்டும் எல்லாம் ஊசி முனை போலத் துல்லியம்.

மத்தியானத்துக்கு முன் கொட்டச்சேடு போய்ச் சேர்ந்தோம். தங்கிய வீட்டைச் சுற்றிலும் காபி. காபிக்கு மேலே வெள்ளோக்கு. வெள்ளோக்கின் மேல் மிளகுக் கொடி. காபி ஸ்வபாவத்தில் நிழலை விரும்பும் செடி. வெயில் நேரே படாமலிருக்க உயர்ந்த மரங்களை நட்டு, அவற்றின் கிளைகளைக் கழித்தும் வளர்த்தும் நிழலைப் பதமாக வைத்துக்கொள்வதுதான் தோட்டக்காரர்களின் வித்தையில் பாதி. 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது எல்லா வழிகாட்டிப் புஸ்தகங்களிலும் இருக்கும் செய்தி. அந்தப் புஸ்தகங்களில் இல்லாத ஒன்றை நான் அன்றைக்குக் கண்டுகொண்டேன்: நான் எந்த லென்ஸைக் கொண்டுவர வேண்டும் என்பதை அந்தத் துரை இருநூறு வருஷங்களுக்கு முன்பே தீர்மானித்துவிட்டுப் போயிருக்கிறார். மலைப் பிரயாணத்துக்கு லென்ஸ் சிபாரிசு செய்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது மொட்டைப் பாறைகளையும் பனிச்சிகரங்களையும். அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரத்துக்கும் பஞ்சமில்லை. சேர்வராயன் மலையோ, உச்சியே 1623 மீட்டர். அதிலும் பெரும்பகுதி மனிதர்கள் குடியிருந்து, பயிரிட்டு, நிழல் வளர்த்த மலை. அதன் காட்சிகள் மரத்துக்கு மேலே இல்லை. மரத்துக்கு அடியில், அரை இருட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கியதும், காபிப் புதருக்கிடையில் என் பையனை மைத்துனர் லென்ஸால் எடுக்க முயன்றபோது ஷட்டர் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கு வந்து நின்றது. ஏழு வயதுப் பையன் விநாடியில் இருபதில் ஒரு பங்கு அசையாமல் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. படத்தில் ஒரு சிவப்புச் சட்டை மட்டும் காற்றில் பறப்பதுபோல் விழுந்தது.

அன்று இரவுதான் 35 மில்லிமீட்டர் லென்ஸ் பையை விட்டு வெளியே வந்தது. மேஜை விளக்கடியில் நான் அதைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மா, "அதை இங்கே கொண்டா பார்ப்போம்" என்று வாங்கி, கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏண்டா, உள்ளே பூசணம் பூத்திருக்கே?"

"அதெல்லாம் இருக்காதும்மா. துடைச்ச துணி நூலா இருக்கும்."

"நூலுக்குக் கிளை விடுமா? நல்லாப் பாரு. எனக்குப் புரை விழுந்தப்போ டாக்டரம்மா படத்துல காட்டினாங்களே, அது மாதிரி ஓரத்துலேருந்து உள்ளே வருது."

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்தேன். பட்டுப் புடவைகளுக்கு அடியில் இரண்டு மழைக்காலத்தைக் கழித்த அந்த லென்ஸின் உட்கண்ணாடியில், விளிம்பிலிருந்து புறப்பட்டு, சிலந்தி நூலினும் மெல்லியதாக, கிளைத்துக் கிளைத்துப் பரவியிருந்தது பூசணம். இருட்டும் ஈரமும் காற்றாடாமையும் சேர்ந்தால் கண்ணாடியின் மேலுள்ள பூச்சிலேயே அது குடியேறிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக மூடிய டப்பாவில் வைத்திருக்க வேண்டும். அதைவிட, அடிக்கடி வெளியே எடுத்து உபயோகித்திருக்க வேண்டும். ஆரம்ப நிலையில் படத்தை அது பெரிதாகக் கெடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மாத்திரம் எல்லாவற்றின் மேலும் ஒரு வெளிறல் படியும். மூன்று லென்ஸ்களில் இந்த மலைக்குப் பொருத்தமானது இது ஒன்றே என்று நான் அறிந்துகொண்ட அன்றைக்கே, அதில் பூசணம் இருப்பதையும் அறிந்துகொண்டேன்.

மறுநாள் ஏற்காட்டை விதிப்படி சுற்றினோம். சேர்வராயன் கோயில் குகையின் தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்து, சேர்வராயரையும் காவேரி அம்மனையும் தரிசித்தோம். அந்த விளக்கு வெளிச்சத்தில் காமிராவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில், பூச்சியைத் தின்னும் குடுவைச் செடிக்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்த பையனை இழுத்துக்கொண்டு வருவதே பெரும்பாடாயிற்று. லேடீஸ் ஸீட் என்னும் காட்சிமுனையிலிருந்து தெளிந்த நாளில் மேட்டூர் அணை தெரியும் என்பார்கள். நாங்கள் போனது தெளிந்த நாளில்லை.

காட்டெருது அன்று மாலை திரும்பும் வழியில் வந்தது. மைத்துனரின் வாக்கு பொய்க்கவில்லை. ஒரு திருத்தம் மட்டும். வண்டி ஒரு வளைவைக் கடந்து மெதுவாக இறங்குகையில், இடது பக்கத்துக் காபி வேலியை ஒட்டி, பத்து தப்படித் தூரத்தில், கரும்பாறை ஒன்று நகர்ந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, "சார், கண்ணாடியை ஏத்திக்கோங்க. சத்தம் போடாதீங்க" என்றார். நான் உடம்பெல்லாம் படபடக்கப் பெட்டியைத் திறந்து, அந்த நெடிய லென்ஸை மாட்டி, ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குறி வைத்தேன். கறுப்பு. மேலே தூக்கினேன், கறுப்பு. இடது பக்கம் திருப்பினேன். கறுப்பு, அதன் மேல் ஒரு ஈ. அந்த லென்ஸின் மிகக் குறைந்த எண் 150. அவ்வளவு சமீபத்தில் அதற்கு எட்டியது பிராணியின் தோள்பட்டை மாத்திரம். மைத்துனருக்குக் காட்டுவதற்கு அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேல் திமிலின் மயிர் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக விழுந்திருக்கிறது. காட்டெருது என்று நான் சொன்னால்தான் தெரியும். முன்ஸீட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, "எங்கே, எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்து, கடைசியில், "ஏதோ வீடு மாதிரி இருட்டா இருந்துச்சு, போயிடுச்சு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, புறப்படுவதற்கு முன், கொட்டச்சேட்டுத் தேக்கங்காட்டில் நடந்தோம். தேக்கு ஒரு விசித்திரமான மரம். கோடையில் இலையெல்லாம் உதிர்த்து வெறும் தூணாக நின்றுவிட்டு, முதல் மழை பட்டதும் முறத்தைப் போன்ற இலைகளை விரித்துவிடுகிறது. தழைத்த தேக்கின் கீழே வரும் வெளிச்சம் வெளிச்சமே அல்ல. வடிகட்டிய பச்சைச் சாயம். அதில் எடுத்த படங்களில் என் குடும்பத்தினர் அனைவரும் காமாலைக்குப் பச்சை பூசினாற்போல் விழுந்தார்கள். மா. கிருஷ்ணன் ஞாபகத்துக்கு வந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான அவர், யானைகளையும் மற்றக் காட்டு ஜீவன்களையும் ஆயுள் முழுவதும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். அவர் கையாண்ட காமிராவும் பல காமிராக்களின் அங்கங்களைச் சேர்த்துத் தாமே இணைத்துக்கொண்ட ஒரு பாரமான யந்திரம். அதற்கு அவர் வேடிக்கையாக சூப்பர் பாண்டெரோசா என்று பெயர் வைத்திருந்தார். 1996-ல் காலமாகும் வரையில் நாற்பத்தாறு வருஷம் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதியவர். கறுப்பு வெள்ளை அவருக்கு ஏற்பட்டதன் காரணங்களில் காட்டின் பச்சையும் ஒன்றோ என்னவோ. நான் மட்டும் அந்தக் காரணத்துக்காகவே காமிராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவைத்தேன்.

மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். விறகுக் கட்டோடு எதிரே வந்த ஒரு மலைக்காரப் பெரியவர் கட்டை இறக்கிவைத்து, அம்மாவோடு பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கண்ணில் என்ன ஆப்பரேஷன் என்பது வரை ஐந்து நிமிஷத்தில் விசாரணை முடிந்தது. பிறகு, தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு கொழுந்து இலையைக் கிள்ளி, "இதைக் கசக்கிப் பாருங்கம்மா" என்று கொடுத்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா கசக்கினாள். தேக்கங் கொழுந்து வெளியே பச்சை, உள்ளே செஞ்சாயம். உள்ளங்கை முழுவதும், ரேகை ரேகையாக, மருதாணிக்கும் ரத்தத்துக்கும் நடுவிலான ஒரு சிவப்புப் பிடித்துக்கொண்டது. அதை அவள் முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் பிடித்து, சிறு பெண்ணைப் போல் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். இந்த மலையில் அவளுக்கு முழுமையாகத் தெரிந்த காட்சி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். "இதைப் பாருடா!" என்று கையை அப்படியே என் லென்ஸின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஒரு அடிக்குள் வந்த பொருள் பிடிபடாது. காமிரா முன்னும் பின்னும் முனகித் தேடித் தோற்றது. நான் ஒரு தப்படி பின்வாங்கினேன். அவள் கையோடு ஒரு தப்படி முன்னால் வந்தாள். மறுபடி பின்வாங்கினேன், முதுகில் தேக்கு மரம் இடித்தது. "அங்கேயே நில்லும்மா" என்று கெஞ்சி, கறுப்பு வெள்ளையை மறுபடி வர்ணத்துக்கு மாற்றி, துவாரத்தை முழுக்கத் திறந்து, சரியாக ஒரு முழத் தூரத்தில் அழுத்தினேன். அவ்வளவு கிட்டே, அவ்வளவு திறந்த துவாரத்தில், தெளிவு தங்குவது ஒரு விரற்கடைக்கும் குறைவான ஆழத்தில்தான்.

விழுந்ததா என்று பார்க்கக் காமிராவின் முதுகுத் திரையைத் திருப்பினேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்தத் திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையைத் தடவினேன். மூக்குக் கண்ணாடி வண்டியில், அம்மாவின் கைப்பையில், அவளுடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது.

"அம்மா, ஃபோக்கஸ் விழுந்திருக்கா, நீயே பார்த்துச் சொல்லு."

சிவந்த கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, மற்றக் கையால் காமிராவை வாங்கிப் பார்த்தாள்.

"கை நல்லா விழுந்திருக்கு. ரேகைகூடத் தெரியுது. என் மூஞ்சிதான் கலங்கலா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் இன்னும் பார்த்தாள். "இருக்கட்டும் விடு. அது எனக்குத் தெரியாததா?"